வலி விட்ட நேரம்

திண்டிவனத்து மருத்துவமனையில் பிற்பகல் வெயில் பச்சைத் திரை வழியாகக் கட்டில்மேல் விழுகிறது. பித்தப்பைக் கல் வலியில் காலையிலிருந்து சுருண்டு கிடக்கும் இருதயமேரி, கணவன் பிரான்சிஸின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருக்கிறாள். டாக்டரம்மா குளுக்ககான் என்ற ஹார்மோன் ஊசியை மெதுவாக நரம்பில் ஏற்றுகிறார். வெளியே செஞ்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. சற்று நேரத்தில் பிடி தளர்கிறது. வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாக விரிய, மடங்கிக் கிடந்த கால்களும் நீள்கின்றன. "கல்லு போயிடுச்சாங்க?" என்கிறான் பிரான்சிஸ். "கல்லு அங்கயேதான் இருக்கு, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். பித்தக் குழாயோட இறுக்கம் விட்டிருக்கு, அவ்ளோதான். இந்த ஹார்மோன் எல்லார் உடம்புலயும் தானா சுரக்கிறதுதாங்க," என்கிறார் டாக்டரம்மா. இருதயமேரி கண்ணைத் திறக்கிறாள். "இதை எனக்குள்ளயே வச்சிக்கினா இம்மாம் நேரம் துடிச்சிக்கினு கிடந்தேன்?" பிரான்சிஸ் தனக்குள்ளும் அது சுரக்கிறதா என்று பார்ப்பவன்போல் தன் விலாவுக்குக் கீழே மெல்ல உள்ளங்கையை வைத்து, மூச்சுவிடவும் தயங்கி நிற்கிறான்.