சிவப்பு டேப்

மாடலாக இருந்து விளையாட்டுச் சேனலின் தொகுப்பாளினி ஆனவள் அவள். வயதானதும் கறிவேப்பிலையாகத் தூக்கியெறிந்த சேனலே இறுதிப்போட்டி நாளன்று கூப்பிட்டது. எதற்கென்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மகளுக்குப் போன் செய்தாள். "அம்மா மறுபடியும் டிவியில வரேன்டி, பாரு!"

"எனக்கு வேலை இருக்கும்மா."

ஸ்டுடியோ தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பின் மேல் நிற்கச் சொன்னார்கள். விளக்குகளை ஏற்றி இறக்கினார்கள்.

"முகத்தைத் தூக்குங்க மேடம். சிரிங்க... பிரமாதம்!" என்றார் கேமராமேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. "எப்ப ஆரம்பிக்கலாம்?"

"லைட்டிங் ஓகே. நீங்க கிளம்பலாம்."

முழு மேக்கப்போடு உள்ளே வந்தாள் மகள்.

"இன்னையிலேர்ந்து இங்க நான்தான் தொகுப்பாளினி. நமக்கு ஒரே உயரம், ஒரே நிறம்தானேம்மா. லைட் சரிபார்க்கிறப்ப சூட்டுல என் மேக்கப் கலைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். கொஞ்சம் நகரு."