ஒரு பொட்டுக் கியூட்டெக்ஸ்

லினக்ஸ் கேர்னல் மூன்றாவது தடவையும் பாதியில் விழுந்தது.

தன் திருத்துகிற கடைக்கு எந்தப் பழைய கம்பியூட்டர் வந்தாலும் றுவைஸ் அதில் ஒரு கேர்னலை, லினக்ஸின் அடிப்படைப் புரோகிராமை, கொம்பைல் பண்ணிக் கட்டிப் பார்ப்பான். மெஷின் நோஞ்சானா திடமா என்பதை வேறெதுவும் இப்படிக் காட்டிக்கொடுக்காது என்பது அவன் கட்சி.

இன்றைக்கு வந்திருப்பது கூட்டாளி பேணாட்டின் அந்தக் காலத்துப் பெட்டி. மகள் கேட்கிறாள் என்று உப்புவெளியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன், கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். படகு எஞ்சின் திருத்துகிறவனின் நகத்தில் கிரீஸ் போகவே போகாது.

சார்ஜர் வாங்க வந்த பாயிஸிடம் றுவைஸ் தன் பழைய பிரதாபத்தை அவிழ்த்துவிட்டான். பேணாட் அதை நூறு தடவை கேட்டிருப்பான்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் இருவரும் ஒரே கோர்ஸ். றுவைஸ் வீட்டு மேசையில் இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில். இருந்த ஒரே விசிறிக்கு ஓயாத சண்டை. என்ன அருமையான நாட்கள். மெமரித் துண்டான றாம்கூட ஒரேமாதிரித்தான் வாங்கினார்கள். மாறிவிடக் கூடாதென்று றுவைஸ் தன்னுடையதில் தங்கை நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் பொட்டு வைத்தான்.

கடைசிச் சோதனைக்கு ஆளுக்கொரு கேர்னல் கட்டிக் காட்ட வேண்டும். முதலாவதாக வருகிறவனுக்குத் துறைமுகத்துக் கம்பனியில் வேலை. இடம் ஒன்றே ஒன்று.

வாப்பா மௌத்தாகி அப்போது இரண்டு மாதம். அந்த வேலை கிடைத்தால்தான் றுவைஸ் வீட்டில் அடுப்பெரியும்.

அவனுடைய கொம்பைலரோ மூன்று நாளாகச் செத்துச் செத்து விழுந்தது. வெள்ளிக்கிழமை பகல் ஒரு வரியை மாற்றி ஓடவிட்டான். நீ போய்ட்டு வா, நான் பாக்கிறன் என்று பேணாட் சொல்ல, ஜும்மாத் தொழுகைக்குப் போனான். திரும்பி வந்தால் கேர்னல் தயார்.

அந்த ஒரு வரிதான் தன்னை ஆளாக்கியது என்று றுவைஸ் மேசையைத் தட்டினான். பிறகு அந்த மெஷின் ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. மூடியைத் திறக்காமலே விற்றுவிட்டான். அன்றிலிருந்து விழத் தொடங்கியது பேணாட்டின் மெஷின்தான். அவனுக்குச் சோதனையும் போய்விட்டது. எல்லாம் இவன் கைராசி என்று றுவைஸ் சிரித்தான். பேணாட்டும் சிரித்தான்.

மேசையிலிருந்த பெட்டியில் கேர்னல் நாலாவது தடவையும் விழுந்தது, இன்னோர் இடத்தில்.

ஒரே இடத்தில் விழுந்தால் கொம்பைலரில் பிழை. இடம் மாறி மாறி விழுந்தால் றாம் பழுது. இது இன்றைக்கு றுவைஸுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

கதையை விடாமலே மூடியைக் கழற்றினான். றாமை உருவித் தூசியை ஊதினான்.

மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

பிறகென்ன நடந்தது என்று பாயிஸ் கேட்டான். றுவைஸ் அந்தப் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். அந்த வேலையை வைத்துத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தான், இந்தக் கடையைப் போட்டான். பதின்மூன்று வருடமாக நக்கலடித்ததும் பேணாட்டைத்தான்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

பேணாட் எழும்பி வந்து, றாமை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஜும்மாவுக்கு நேரமாகுது மச்சான். நீ போய்ட்டு வா, நான் பாக்கிறன்."