அறுபதாவது விநாடி

சூசையப்பர் மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

2006-ல், நாகல் நகர் பிரவுசிங் சென்டரில், ஓய்வுபெற்ற கண்டக்டர் சூசைராஜ் தினமும் மாலையில் சீட்டாடினார். திரையில் எதிராளியின் பெயர் ‘சகாயசெல்வி’. ஒரு சீட்டுப் போட அறுபது விநாடி கெடு. எதிராளி கடைசி விநாடி வரை இழுத்தடித்தே போட்டாள்.

“வேணும்னே கழுத்தறுக்குதுண்ணே. வேற ஆளோட ஆடுங்க,” என்றார் சென்டர்காரர் முத்துக்கிருஷ்ணன்.

“அட போப்பா, பேரைப் பாரு, என் மக! வீட்டை விட்டுப் போயி நாலு வருசமாச்சு. பேசத்தான் மாட்டேங்குறா. ஆட்டம் முடிஞ்சா அப்பன் எந்திரிச்சுப் போயிருவான்ல, அதான் இழுக்குறா.”

அவள் வீட்டை விட்டுப் போன அன்று கைநீட்டி அடித்ததற்கு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி மன்னிப்புக் கேட்டார். பதில் வரவில்லை. அறுபதாவது விநாடியில் ஒரு சீட்டு விழுந்தது.

“பாத்தியா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா! கண்டக்டர் மகள்ல, டயம் தவற மாட்டா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டில், எதிராளி எழுந்து போய்விட்டால், அறுபதாவது விநாடியில் கம்ப்யூட்டரே ஒரு சீட்டைப் போட்டுவிடும்.