கம்பத்தில் ஒட்டாதே

வெள்ளரிக்காய்த் தயிரில் பூண்டு போதவில்லை என்று முகம் சுளித்ததுதான் ஸ்தாமென் கடைசியாகச் செய்தது. நெவெனா முணுமுணுத்துக்கொண்டே பூண்டு நசுக்கிக் கொண்டுவந்தபோது, கிண்ணத்தின் பக்கத்தில் அவர் தலை சாய்ந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, சோஃபியா நகரத்தின் நடுவே ஒரு சதுக்கத்தில் அவள் ஏழாவது விளக்குக் கம்பத்தில் பசை தடவிக்கொண்டிருந்தாள். படம் போட்ட மரண அறிவிப்பை வீட்டுக் கதவிலும் தெரு மரத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டுவதுதான் வழக்கம். அங்கெல்லாம் அவள் ஒன்றுகூட ஒட்டவில்லை. எல்லாத் தாளும் இங்கேதான்.

“ஏம்மா! கண்ணு தெரியலையா? புது பெயிண்ட்டு!”

எதிர்க் கட்டடத்து வட்டார அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவன் வேகமாக வந்தான். வயது முப்பத்தைந்து இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. நேற்றைய மழைத் தண்ணீரைத் தேக்கிவைத்திருந்த ஒரு கல் அவன் காலடியில் ஆடி, பேண்ட்டில் சேற்றைத் துப்பியது. நெவெனாவுக்கு அந்தக் கல்லின்மேல் மரியாதை வந்தது.

மன்னர் காலத்தில் ஒரு பெயர், கட்சிக் காலத்தில் ஒரு பெயர் வைத்திருந்த சதுக்கம் அது. இப்போது மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, கிரானைட் பதித்து, மூன்றாவதாக ஒரு பெயர். உட்கார ஓர் இடமில்லை.

“இன்னைக்கு அடக்கம் சார். மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் நானே சுரண்டி எடுத்துடறேன்.”

“செத்தவன் மூஞ்சியை ஒட்டவா கம்பம் நட்டோம்? எங்கே பார்த்தாலும் பொணம் முறைக்குது. வெளியூர்க்காரன் வந்தா இது ஊரா, சுடுகாடான்னு கேப்பான்.”

“ஊருன்னு சொல்லுங்க. மனுஷங்க சாகற ஊரு.”

அவன் ஒரு தாளைப் பிடித்து இழுத்தான். பசை ஈரமாக இருந்ததால் முழுசாக உரிந்து வந்தது. கசக்கி உருட்டினான்.

“படிச்சிட்டாவது கிழிங்க சார்.”

“தினம் நூறு கிழிக்கறேன். ஒவ்வொண்ணா படிச்சு மூக்கைச் சிந்தவா?”

“ஒரே ஒரு ஆள் பார்த்தாப் போதும். ஒன்பது தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கலை. தினம் பன்னெண்டரைக்கு இந்த வழியாத்தான் போவாராம்.”

“போவாராமா? ஆளைப் பார்த்ததே இல்லையா?”

“பேர் மட்டும் தெரியும்.”

தினமும் நண்பகலில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்தாமென் இங்கே கிளம்பிவிடுவார். சதுரங்கம் ஆடத்தான் போகிறார் என்று நெவெனா நம்பியிருந்தாள். நேற்று அவர் சட்டைப்பைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு போன் எண், அதன் கீழே ‘சதுக்கம், பன்னிரண்டரை’ என்று கண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆள் வராமல் மண் தள்ளினால், அந்தப் பாவம் தன்னைச் சேரும் என்று நினைத்தாள்.

“ஏதாவது பொம்பளை சகவாசமா?” அவன் சிரித்தான். “சரி, நீங்க செத்தவரோட சம்சாரமா?”

“பத்தொன்பது வருஷம் சேர்ந்திருந்தோம்.”

“ஓ, மோதிரம் போடாத சம்சாரம். எவ வீட்டையோ கெடுத்துட்டு வந்து என் கம்பத்தையும் கெடுக்கறே.”

“வீடு நான் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே இடிஞ்சுபோச்சு சார். உங்க பாஷை மாதிரி.”

அவன் முகம் சிவந்தது. ஐந்து, ஆறு என்று வரிசையாக உரித்துக்கொண்டே போனான்.

“இதோ, இந்த இடத்துலதான் சார் அவர் உக்காந்திருப்பார். போன மாசம் பெஞ்சை எடுத்துட்டீங்க. அதுக்கப்புறம் நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு சொல்வார்.”

“தொப்பி போட்ட கிழவனா? சூரியகாந்தி விதையைத் துப்பிக்கிட்டு, போற வர்றவங்களை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு? அந்த ஆளுக்காகத்தான் பெஞ்சையே எடுக்கச் சொன்னேன். போகட்டும், ஒரு தொல்லை விட்டது.”

நெவெனா பசை வாளியைக் கீழே வைத்தாள். இப்படிப்பட்டவனிடம் கெஞ்சிய வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

அவன் அபராதச் சீட்டுக் கட்டை எடுத்தான். “முழுப் பேரு சொல்லு. உன் பேரு, அப்பா பேரு, குடும்பப் பேரு, மூணும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் சீட்டு செல்லாது.”

“நெவெனா. அப்பா இலியா. நெவெனா இலியேவா பொப்கோவா.”

எழுதினான். கீழே தன் பெயரையும் அதே முறைப்படி முழுசாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கிழித்து நீட்டினான். ஏழாவது தாளையும் உரித்து உள்ளங்கையில் கசக்கினான்.

அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சீட்டைப் படித்தாள். ‘ஒக்னியன் ஸ்தாமெனோவ்’ என்ற இடத்தில் நின்றாள். குறிப்பேட்டில் இருந்த அதே பெயர். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

“என்ன முழிக்கறே? எழுத்து புரியலையா?”

அவன் கையிலிருந்த உருண்டையை அவள் மெல்ல வாங்கினாள். கம்பத்தில் வைத்து நீவி, ஈரம் போகாத அந்த முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

“புரியுது தம்பி. உங்க அப்பாவை ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க.”