தெமுலென் மென்று விழுங்கியது

"வாயில போட்டதும் நிறுத்தாம மெல்லணும், தம்பி. ஒரு நொடி யோசிச்சே, அது உன் தொண்டையைப் பிடிச்சுக்கும்."

தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தில், ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் செருப்பைக் கழற்றியபடி, உடன் வேலை பார்க்கும் பியோ கிசுகிசுத்தான். தெமுலென் வாசலிலேயே தயங்கி நின்றான்.

மங்கோலியப் புல்வெளியில் ஆட்டுக்கறியும் குதிரைப்பாலுமாக வளர்ந்தவன் அவன். இருபத்தாறு வயதில் இங்கே கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்த பிறகுதான் கடலையே பார்த்தான். இந்த எட்டு மாதத்தில் மீன் சந்தைப் பக்கம் போக நேர்ந்தால்கூட ஒரு தெரு சுற்றிக்கொண்டுதான் போவான்.

"அண்ணே, நேராவே கேட்டுட்டா என்ன? பொண்டாட்டி மலைப்பக்கம் சொங்ஜுல வேலை பார்க்குறா, குழந்தைக்குப் பத்து மாசம், அங்க இருக்கற நம்ம கம்பெனிப் பட்டறைக்கே என்னை மாத்திடுங்கன்னு..."

"கெட்டுது போ. பாங் சார்கிட்ட குடும்பம்னு வாயைத் திறந்தே, இவனுக்கு வேலையில புத்தி இல்லைன்னு முடிவு கட்டிடுவாரு. அங்க காலியா இருக்கறது ஒரே ஒரு இடம். யாரை அனுப்பறதுன்னு இன்னிக்குச் சாப்பாட்டுலதான் முடிவு பண்ணப்போறாரு. மனுஷன் இந்த ஊர்ல பொறந்தவரு. இந்த ஊர்ச் சாப்பாட்டை ஒருத்தன் ரசிச்சுத் தின்னா உருகிடுவாருன்னு அவரோட பழைய பட்டறை ஆளுங்க சொன்னாங்க."

"உங்களுக்கு அந்த இடம் வேணாமா, அண்ணே?"

"எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன? எங்க போனாலும் அதே வெல்டிங்தானே."

மூன்று மாதத்துக்கு முன்புதான் இவர்களுக்கு மேலதிகாரியாக வந்திருந்த பாங், உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மதியக் கூட்டம். கடைக்கார அம்மா தட்டுகளை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்க நேரமில்லாமல் அடுத்த மேசைக்கு ஓடினாள்.

தட்டில், நல்லெண்ணெயில் மினுங்கிக்கொண்டு, வெட்டிய ஆக்டோபஸ் கால்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

"சார், எனக்கு அவிச்ச முட்டை போதும்" என்று பியோ மூக்கைப் பொத்திக்கொண்டான். "நெளியறதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்."

"கடலே இல்லாத ஊர்க்காரன், உன்னைச் சொல்லிக் குத்தமில்ல" என்று சிரித்தார் பாங். "தெமுலென், நீ எப்படி?"

தெமுலென் சாப்பிடும் குச்சிகளால் ஒரு துண்டை எடுத்தான். அது குச்சியைச் சுற்றிக்கொண்டது. வாயில் போட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நேற்று மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மனைவி போனில் காட்டியிருந்தாள். அதை நினைத்துக்கொண்டே மென்றான்.

"கண்ணு கலங்குதே. காரமா?"

"ருசி, சார்."

அடுத்து, முள்ளு முள்ளாகச் சிவந்த தோல் கொண்ட ஏதோ கடல் பிராணியின் வேகாத சதை வந்தது. துருப்பிடித்த இரும்பை நக்கியது போலிருந்தது. அதையும் விழுங்கினான். மேசைக்கடியில் பியோ அவன் முழங்காலைத் தட்டினான், இன்னும் ஏதாவது சொல் என்பதுபோல.

"இது இல்லாத ஊர்ல இனிமே என்னால இருக்க முடியாது போல, சார்" என்றான் தெமுலென். சொல்லிவிட்டு இன்னொரு தட்டும் கேட்டான்.

பாங் குச்சிகளைக் கீழே வைத்தார். அவர் முகம் நெகிழ்ந்துவிட்டது. உடனே போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தை அழைத்தார். "ஆமா, சொங்ஜு விஷயம்தான். பேரை எழுதிக்கோங்க" என்றபடி எழுந்து வெளியே போனார்.

தெமுலென் மகிழ்ச்சியில் மூன்று துண்டுகளை ஒன்றாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

பாங் திரும்பி வந்தார். "தெமுலென், உன்கிட்ட மறைக்கல. காலையில உன் பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன். கடல் ஒத்துக்காம பையன் வாடுறான், அந்த மலைப்பக்கம் போனா தேறுவான்னு நினைச்சேன். இப்படிச் சாப்பிடறவனை அங்க அனுப்பினா எனக்குத்தான் பாவம். பேரை மாத்திட்டேன். பியோ, திங்கக்கிழமை நீ கிளம்பு. தெமுலென், இன்னும் ரெண்டு வருஷம் நீ என்கூடத்தான்."

வாய் நிறைய நெளிந்துகொண்டிருந்ததை மென்று விழுங்கி, அவன் பேசத் தொடங்குவதற்குள், அவர் பணம் கட்டிவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டார்.

"நான் ஒண்ணு நினைச்சேன், தம்பி. இப்படி ஆகிப்போச்சே" என்று பியோ அவன் தோளைத் தடவிக்கொடுத்தான்.

தெமுலென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பரவாயில்லண்ணே. உங்களுக்கும் பாவம், இந்த வாடையே ஆகாதே. நீங்களாவது நிம்மதியா இருங்க."

கூட்டம் குறைந்திருந்தது. தட்டுகளை அடுக்க வந்த கடைக்கார அம்மா, அப்போதுதான் பியோவின் முன்னாலிருந்த முட்டை ஓடுகளைக் கவனித்தாள்.

"என்ன பியோ தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து மூணு தட்டு ஆக்டோபஸை ஒத்தை ஆளா காலி பண்ணுவியே."