ஞாயிறு பதினொன்றே கால்

“பொய்!” என்றான் நிரோஜன்.

பன்றிப் பண்ணைக்கார மோன்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கடல்நீர்ப் பரிசோதகனான அவனுடைய மேசைக்கு முன்னால் நின்றான். அந்த ஆறடி உடம்பு கூனிப்போய் நிற்பதைப் பார்க்க நிரோஜனுக்கு நன்றாகவே இருந்தது.

ஹோர்சன்ஸ் குடாக்கடலில் நிரோஜன் மிதக்கவிட்ட மஞ்சள் மிதவை, ஆள் துணையில்லாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடல்நீரைச் சோதித்து அவனுடைய கணினிக்கு அனுப்பும். ஞாயிறு பதினொன்றே காலுக்கு அதன் கணக்கெல்லாம் தாறுமாறாகிவிட்டது. கலங்கல் சட்டென்று ஏறியது, ஒட்சிசன் இறங்கியது. அந்தக் கரையில் இருப்பதோ ஒரேயொரு பண்ணை.

“ஞாயிற்றுக்கிழமை நான் பேத்தியின் ஞானஸ்நானத்தில் இருந்தேன். ஊரே பார்த்தது” என்றான் மோன்ஸ்.

“உன்னுடைய கழிவுக் குழாய்க்கும் ஞானஸ்நானமா?”

பன்றி வளர்க்கிறவனுக்கு விஞ்ஞானம் விளங்கப்படுத்துவது வீண்வேலை என்று நிரோஜன் நினைத்தான். பண்ணையின் அனுமதியை ரத்துச் செய்யச் சொல்லும் அறிக்கையை, மோன்ஸ் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நகரசபைக்கு அனுப்பினான்.

“முப்பது வருஷப் பண்ணை” என்றான் மோன்ஸ். தொப்பியைப் போடவும் மறந்து வெளியே போனான்.

அப்போதுதான் அப்பா சபாரத்தினத்தின் அழைப்பு வந்தது. கோயில் தலைவர். இரண்டு நாளில் இது ஐந்தாவது தடவை. வேட்டியோடு கடலில் முங்கிவிட்டுப் புண்ணியம் கிடைத்ததாக நம்பும் அந்தக் கோயில் கூட்டத்தை நினைத்தாலே நிரோஜனுக்கு எரிச்சல். வேண்டாவெறுப்பாக எடுத்தான்.

“என்னப்பா? வேலையில நிக்கிறன்.”

“ஞாயிறு தீர்த்தத்துக்கு நீ வரேல்லையெண்டு அம்மாக்குச் சரியான கவலை.”

“உங்கட கூத்துக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. இஞ்ச ஒரு பன்றிக்காரன் கடலை நாறடிச்சுப் போட்டான். இப்பதான் அவன்ர பண்ணையை மூடச்சொல்லி எழுதி அனுப்பினனான். பேப்பரிலயும் என்ர பேர் வரும்.”

“பாத்தியே! எல்லாம் முருகன்ர செயல்” என்று அப்பா பூரித்துப்போனார். “நீ வராட்டிலும் நாங்கள் உன்னை மறக்கேல்லை ராசா. உன்ர பேருக்கு அர்ச்சனை செய்து, வள்ளத்தில போய் உன்ர மஞ்சள் மிதவைக்கும் எட்டுக் குடம் பால் ஊத்தினனாங்கள்!”