ஸுபஹுக்குப் பிறகு ஒன்று

“மூண்டு குளிசையும் கேக்கல்லண்டா, இனி நாலாக்கிறதைத் தவிர வேற வழி இல்ல காக்கா.”

டொக்டர் பாக்கியராசா பேனையைத் திறந்தார். எதிரே மீராமுகைதீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இதயம் பலவீனப்பட்டு, உடம்பில் நீர் தேங்கி, கால்கள் இரண்டும் உரல் மாதிரி வீங்கியிருந்தன. நீர் இறங்கக் கொடுத்த குளிசை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் வீக்கம் வற்றவில்லை.

“படுக்க ஏலாம விடியவிடியக் குந்திக்கிட்டு இரிக்கார் டொக்டர்” என்றாள் மனைவி முனவ்வறா. அதற்கு மேல் அவளால் வாயைக் கட்ட முடியவில்லை. “நாலென்ன, நாப்பது எழுதினாலும் இவர் போடமாட்டார். நீங்க தந்ததெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்கு!”

டின்னுக்குள் கிடக்கும் குளிசை கல்முனையில் இதுவரை யாரையும் குணப்படுத்தியதில்லை. டொக்டருக்குக் கோபம் வந்தது.

“ஏன் காக்கா?”

மீராமுகைதீன் தலையைக் குனிந்துகொண்டார். “அதைப் போட்டா அடிக்கடி ஒண்டுக்குப் போகுது. பள்ளியில தொழுதுக்கிட்டு நிக்கக்குள்ள உளு முறிஞ்சா என்ன செய்ய? தொழுகை இல்லாத உசிர் எனக்கு எதுக்கு டொக்டர்?”

திருக்கோவில் ஊர்க்காரரான டொக்டருக்கு மருந்து தெரியும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் செய்யும் உளுவின் சட்டம் தெரியாது. யோசனையோடு வெளியே பார்த்தார். பெரிய பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஸைனுலாப்தீன் மௌலவி வாங்குப் பலகையில் தனியே உட்கார்ந்திருந்தார். யாரையோ தேடி வந்திருப்பார்போலும்.

“ஹஸ்ரத், ஒருக்கா உள்ள வாங்க!”

மௌலவி கதவைப் பிடித்துப் பிடித்து மெல்ல வந்தார். கதிரையில் அமர்ந்து ஜுப்பாவைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் மீராமுகைதீனை ஏசுவார் என்று முனவ்வறா எதிர்பார்த்தாள். அவரோ டொக்டர் பக்கம் திரும்பினார்.

“இந்தக் குளிசையைப் போட்டா எவ்வளவு நேரத்துக்கு அந்த உபத்திரவம்?”

“ஆறு மணித்தியாலம். பொறகு அடங்கிரும்.”

“அப்ப, விடியக்காலை ஸுபஹு தொழுத கையோட போட்டா?”

“மத்தியான லுஹருக்கு முன்னம் எல்லாம் முடிஞ்சிரும்.”

“முன்னுக்கு நிண்டு தொழுதாலும் பயமில்லையே?”

“எங்க நிண்டாலும் பயமில்ல ஹஸ்ரத். போடாம விட்டாத்தான் பயம். ஒரு நாளைக்கு மூச்சு அப்பிடியே நிண்டிரும்.”

மௌலவி மீராமுகைதீனின் வீங்கிய கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்தார். “உசிரைப் பேணுறதும் நம்மட கடமைதான். நாளைக்கு ஸுபஹோட தொடங்குங்க.”

டொக்டர் மூன்றை வெட்டிவிட்டு, ‘காலையில் ஒன்று’ என்று எழுதினார். போடாத குளிசைக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் மீராமுகைதீன் எருமைத் தயிர்ச் சட்டியோடு தானே நடந்து வந்தார். கால்கள் வற்றியிருந்தன.

“மல்லாந்து படுத்து நித்திரை கொள்றன் டொக்டர். ஒரு தொழுகையும் தவறல்ல. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்!”

முனவ்வறா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஏன் நன்றி சொல்றீங்க? அண்டைக்கு ஹஸ்ரத் அந்த வாங்கில இருந்தது உங்கட அதிர்ஷ்டம்” என்றார் டொக்டர்.

“இவர்ர அதிர்ஷ்டம் இல்ல, என்ட அதிர்ஷ்டம்” என்று வாசலில் குரல் கேட்டது. மௌலவி கதவைப் பிடிக்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்தார். அவர் கையிலும் ஒரு தயிர்ச் சட்டி.

“உங்க ரெண்டு பேருக்கும் துஆக் கேக்காத நாள் இல்ல டொக்டர்” என்றவர், ஜுப்பாவைச் சற்று உயர்த்தி வீக்கம் வற்றிய தன் கால்களைக் காட்டினார். “மட்டக்களப்பு டொக்டர் தந்த இதே குளிசை ஆறு மாசமா என்ட அலுமாரிக்குள்ள கிடந்திச்சு; அண்டைக்கு உங்களிட்டக் கேக்க வந்தும், உள்ள வர வெக்கப்பட்டுத்தான் அந்த வாங்கிலயே இருந்திட்டன்.”